சோளக்காட்டுச் சைலன்சர்

என் அக்காள் வீட்டுச் சோளக்காட்டின் நடுவில், காவல் பரணின் கால் ஒன்றில், முழங்கை நீளத்துக்குச் சற்று அதிகமான ஓர் இரும்புக் குழாய் கயிற்றில் தொங்குகிறது. நடுவில் உப்பி, இரண்டு முனையிலும் குறுகி, ஒரு பக்கம் நசுங்கிப் போன குழாய். கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் காவலுக்கு இருப்பவர்கள் அதைக் கோலால் தட்டுவார்கள். உடைந்த மணியை அடித்தது போல் ஒரு கரகரப்பான ஓசை கிளம்பும். கிளிகள் ஒரே வீச்சில் எழுந்து அடுத்தவர் காட்டுக்குப் போய்விடும். அது என்னவென்று தெரியாதவர்கள் ஏதோ கிணற்று எஞ்சின் சாமான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒரு மோட்டார் காரின் சைலன்சர். என் மச்சான், அதாவது அக்காளின் கணவர், தம் கையாலேயே கட்டித் தொங்கவிட்டது. அவர் இறந்த பிறகும் அக்காள் அதை அவிழ்க்கவில்லை. இந்தத் தை மாதத்துக்குப் பிறகு நான் அடிக்கடி அந்தக் காட்டுப் பக்கம் போய் நிற்கிறேன்.

மச்சானுக்குத் திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே நல்ல பூமி இருந்தது. ஒரு தடவை சேலத்துக்குப் போனவர், கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஏற்காட்டு மலைப்பாதை வந்து முடியும் இடத்தில் யாருக்காகவோ காத்து நின்றிருக்கிறார். மேலேயிருந்து ஒரு சிறிய கார் வளைவுகளில் இறங்கி வந்திருக்கிறது. காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவருடையது. அந்தத் துரை சீமைக்குத் திரும்பப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் மச்சான் விடவில்லை. இரண்டே பேர் உட்காரக்கூடிய வண்டி. தரையோடு தரையாக இருக்கும். தலைக்கு மேல் மடித்துப் போடும் கித்தான் கூரை. பக்கங்களில் மைக்கா பதித்த கித்தான் மறைப்புகள். முன்கண்ணாடியை முன்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்துவிடலாம். பந்தயம் ஓட்டுவதற்கென்றே செய்த ஜாதி என்று மச்சான் சொல்வார். நாலைந்து பேர் சேர்ந்தால் அதைத் தூக்கி வாசலிலேயே திருப்பி வைத்துவிடலாம், அவ்வளவு லேசு. அக்காளுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"ஒரு மூட்டை தவுடு ஏத்த முடியாத வண்டி என்ன வண்டி? குந்துனா முழங்கால் தாடையில இடிக்குது" என்பாள்.

"தவுட்டுக்கு மாட்டு வண்டி இருக்குது புள்ளே. இது எனக்கு" என்பார் மச்சான்.

வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் உருமாலையும் மேலே கோட்டும் போட்டுக்கொண்டு அவர் அதில் போவதைப் பார்க்கக் காட்டில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து நிற்பார்கள். ஊர்க் குழந்தைகளில் அவருக்கு மிகவும் இஷ்டமானவள் என் மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. நான் பக்கத்து ஊர் போர்டு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன்.

அந்த ஆடி மாதம் அவளுக்குக் காது வலி வந்தது. முதலில் சாதாரண வலி என்றுதான் நினைத்தோம். வெற்றிலைச் சாற்றைச் சூடாக்கி விட்டாள் என் மனைவி. உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தோம். இரண்டாம் நாள் காய்ச்சல் கண்டது. அதன் பிறகு காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் சிவந்து வீங்கி, காதுமடலே முன்பக்கம் துருத்திக்கொண்டது. திருச்செங்கோட்டு டாக்டர் விரலால் தொட்டதும் அவள் போட்ட கூச்சலில் அவர் கையை எடுத்துக்கொண்டார். உள்ளே சீழ் கட்டி எலும்பைத் தொட்டுவிட்டது, அது மூளைக்குப் போகுமுன் சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் கீறி எடுக்க வேண்டும், இன்றைக்கே போங்கள் என்றார். பஸ் போய்விட்டிருந்தது. மச்சானுக்குச் சொல்லி அனுப்பினோம். அனுப்பிய ஆள் திரும்புவதற்கு முன் அவருடைய கார் வாசலில் நின்றது.

ஆனால் அது வந்து நிற்பதற்கு வெகு நேரம் முன்பே ஓசை வந்துவிட்டது. வழியில் ஒரு கல்லில் இடித்துச் சைலன்சர் கழன்றிருந்தது. வழக்கமான உறுமல் போய், பறை அடிப்பது போல் படபடவென்று வெடித்தது. மச்சான் எஞ்சினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தார். நிறுத்திவிட்டால் மறுபடி கிளப்புவது பாடு. வண்டியில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. என் மனைவி குழந்தையின் காதில் பஞ்சு வைத்து, தலையைச் சுற்றித் துணி கட்டி, அதற்கும் மேல் ஒரு கம்பளியால் மூடி என் மடியில் கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் ஆடிக் காற்று என்றால் மேற்கேயிருந்து புழுதியை வாரிக்கொண்டு நாள் முழுக்க அடிக்கும். காது நோவு கண்ட குழந்தைக்கு அந்தக் காற்றுப் பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று சொல்லாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. தெருவே கூடி நின்று சொன்னது. "காத்துப் படாமக் கொண்டு போங்க, காத்துப் படாமக் கொண்டு போங்க." மச்சான் கூரையை இழுத்துப் பூட்டினார். பக்க மறைப்புகளையும் மாட்டினார்.

புறப்பட்டதும் அவள் அழ ஆரம்பித்தாள். அழுகை என்று சொன்னால் போதாது. ஒவ்வொரு வெடிப்புக்கும் அவளுடைய உடம்பு என் மடியில் துள்ளியது. வலிக்கிற காதுக்குள் அந்த ஓசை எப்படி இறங்கியிருக்கும் என்று இப்போதும் என்னால் நினைக்க முடியவில்லை. கம்பளிக்கு மேலே என் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். அது அவளுக்கு இன்னும் வலித்தது. கையை எடுத்தேன். எடுத்தாலும் வலித்தது. பிள்ளைக்கு நோவு வந்தால் தகப்பனுக்குக் கையும் காலும் இருப்பதே எதற்கு என்று தோன்றும். வைத்துக்கொள்ளவும் தெரியாது, எடுக்கவும் தெரியாது.

மல்லசமுத்திரம் தாண்டி எதிரே நிலக்கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்தது. எங்கள் ஓசையில் மாடுகள் மிரண்டு சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்கிவிட்டன. வண்டிக்காரர் தொங்கிக்கொண்டே கயிற்றை இழுத்து நிறுத்தினார். இறங்கி வந்தவரின் முகம் கடுகடுத்துக் கிடந்தது.

"ஏனுங்க, வண்டி ஓட்டறீங்களா, வேட்டு விட்டுட்டு வாரீங்களா? வண்டி குடை சாஞ்சிருந்தா மூட்டைக்கு அடியில நாந்தானுங்க கெடந்திருப்பேன்!"

"கோவிச்சுக்காதீங்க. காது நோவோட கொழந்தை உள்ள இருக்குது. பொகைக்குழாய் கழண்டு போச்சு. ஒரு கம்பி கிம்பி இருந்தாக் குடுங்க, கட்டிக்கறேன்" என்றார் மச்சான்.

வண்டிக்காரர் குனிந்து மறைப்பு வழியாகக் குழந்தையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் திட்டவில்லை. வண்டிக்கு அடியில் லாந்தர் தொங்கவிட்டிருந்த கம்பியை முறுக்கி அவிழ்த்துக் கொடுத்தார். "பொழுதோட ஊடு போயிச் சேர்ந்துருவேனுங்க. லாந்தர் வேண்டியதில்லை. எடுத்துக்குங்க."

அந்தக் கார் இருந்த உயரத்துக்கு அதன் அடியில் ஓர் ஆடுகூடப் படுக்க முடியாது. மச்சான் அதைச் சாலை ஓரத்தில் தண்ணீர் இல்லாத வாய்க்காலுக்கு மேலே, சக்கரங்கள் இரு கரையிலும் நிற்கும்படி ஓட்டி நிறுத்தினார். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். குழாயைத் தாங்கும் பட்டை முறிந்திருந்தது. குழாயின் முன் முனை எஞ்சினிலிருந்து வரும் குழாயோடு சேர்கிற இடத்தில் விலகியிருந்தது. வெடிப்போசை அங்கிருந்துதான் வந்தது. சுடுகிற இரும்பை உருமாலைத் துணியால் பிடித்து, உயர்த்திப் பொருத்தி, லாந்தர்க் கம்பியால் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினார். அப்போதும் சந்து இருந்தது. வாய்க்காலின் அடிக்களிமண்ணைச் சுரண்டி, வண்டிக்காரர் கொண்டுவந்த தண்ணீரில் பிசைந்து, உருமாலையைக் கிழித்து அதில் தோய்த்துச் சுற்றினார். வைத்தியர்கள் பஸ்பம் போடும்போது சட்டியின் வாயைச் சீலைமண்ணால் மூடுவார்களே, அதே வேலை. எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த வேலை. சூட்டில் மண் உடனே இறுகிவிட்டது.

நான் குழந்தையை வைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தேன். மரப்பலகைத் தளத்தின் இடுக்கு வழியாக அவருடைய நெற்றியும் மண் அப்பிய விரல்களும் தெரிந்தன. "ஏனுங்க மச்சான், ஆகுமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். "ஆகும் மாப்ளே, ஆகும். பின்னாடி வால்குழாய்த் துண்டு எங்கியோ உழுந்து போச்சு. அது போனாப் போகுது, சத்தத்துக்கு அது வேண்டியதில்லை" என்றார் அடியிலிருந்து.

சத்தத்துக்கு அது வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் புகையைக் காருக்குப் பின்னால் கொண்டுபோய் வெளியே விடுவதற்கு அந்த வால்குழாய்தான் இருந்தது. அது இல்லாததால் சைலன்சரின் திறந்த வாய் நேராக எங்கள் இருக்கைக்குக் கீழே முடிந்திருந்தது. நாங்கள் இருவரும் அதை யோசிக்கவில்லை. எங்கள் கவலை எல்லாம் ஓசையில் இருந்தது. அந்தக் குழந்தையின் கூச்சலைக் கேட்டவர்கள் வேறு எதை யோசித்திருப்பார்கள்?

எஞ்சினைக் கிளப்பினோம். ஓசை அடங்கியிருந்தது. வண்டிக்காரர் சிரித்தார். "இப்பப் பாருங்க, குட்டிக்குப் பால் குடுக்கற பூனையாட்ட இருக்குது."

மச்சான் கம்பளியை விலக்கி என் மகளிடம், "பாப்பா, மாமன் வண்டி வாயைக் கட்டிட்டேன். ரெண்டு பேரும் கத்துனா மாமன் எதைக் கேக்கறது? இனிமே நீ மட்டும் கத்து" என்றார். அழுகைக்கு நடுவே அவள் அவரைப் பார்த்தாள். கம்பளியை நான் மறுபடி மூடினேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவளுடைய அழுகை முனகலாயிற்று. பிறகு முனகலும் நின்றது. தூங்கிவிட்டாள். இரண்டு நாளாகக் கண் மூடாத குழந்தை. மச்சான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளுடைய தலை என் தோளில் கனமாக இருந்தது. காருக்குள் கதகதப்பாக இருந்தது. புகை வாடை அந்த வண்டியில் எப்போதும் உண்டு. வெளியே காற்று மறைப்புகளை அறைந்துகொண்டிருந்தது, ஒரு சொட்டுக் காற்றும் உள்ளே வரவில்லை. எனக்கும் கண் செருகியது. நெற்றி கனத்தது. தூக்கம் இல்லாததால்தான் என்று நினைத்தேன்.

ஆட்டையாம்பட்டியில் மச்சான் காரை நிறுத்தினார். அவ்வூர் முறுக்கு என்றால் என் மகளுக்கு உயிர். கண் விழித்ததும் கொடுக்கலாம் என்று வாங்க இறங்கியவர், இரண்டடி வைத்ததும் தள்ளாடிக் காரின் மேலேயே சாய்ந்து நின்றார். "என்னமோ மாப்ளே, மண்டை பொளக்குது" என்றார். தெருவில் நெசவுக்காரர்கள் தறிக்கான பாவு நூலை நீளமாக விரித்துக் கட்டியிருந்தார்கள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பாவில் பூசக் கஞ்சித் தண்ணீர் வைத்திருந்த ஓர் அம்மாள் கம்பளி விலகிய முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, காச்சக் கொழந்தைக்கு வெத்தலை குடுத்தீங்களா? உதடு இப்படிச் செவந்து கெடக்குது?"

அப்போதுதான் பார்த்தேன். உதடும் கன்னமும் சிவந்து, நோயே இல்லாத பிள்ளை போல் இருந்தாள். எழுப்பினேன். எழவில்லை. உலுக்கினேன். தலை பின்னால் தொங்கியது. கை நழுவித் தொங்கியது. காதுக்குப் பின்னால் இருந்த வீக்கத்தை என் விரல் தவறி அழுத்திவிட்டது; அதற்கும் அவள் முகம் சுளிக்கவில்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. தினமும் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே கத்திப் பாடம் சொல்லுகிற எனக்குக் குரல் வரவில்லை.

மச்சான் கம்பளியைப் பிடுங்கி மூக்கில் வைத்தார். பிறகு காருக்குள் தலையை நீட்டித் தரைப்பலகையை மோந்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒன்று இருந்தது.

"பொகை, மாப்ளே. பொகையைக் கம்பளி போட்டு மூடிக் கொண்டாந்திருக்கறோம்."

அதன் பிறகு அவர் செய்தவையெல்லாம் ஒரே மூச்சில் நடந்தன. கூரைக் கித்தானைக் கத்தியால் கிழித்து இழுத்து எறிந்தார். பக்க மறைப்புகளைப் பிய்த்தார். முன்கண்ணாடியைச் சாய்த்துப் படுக்க வைத்தார். பெண்கள் சிலர் கைகொடுத்து வண்டியின் ஒரு பக்கத்தை உயர்த்திப் பிடிக்க, கம்பளியைக் கையில் சுற்றிக்கொண்டு, தாம் கட்டிய கம்பியை அறுத்து, சைலன்சரை உருவி வீசினார். தொட முடியாமல் சுட்டுக்கொண்டிருந்த அந்த இரும்பு உருண்டு போய்ப் பாவுக்கு அருகில் நின்றது. "பாவு! பாவு!" என்று யாரோ அலறினார்கள். யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். சீறிய ஆவியை மட்டும் பார்த்தேன்.

"காத்துப் படுமுங்க மச்சான்" என்றேன். அந்த நேரத்திலும் என் வாயில் வந்தது அதுதான்.

"படட்டும். காது போனாப் போகுது. கொழந்தை வேணும். மொகத்தைக் காத்துக்குக் காட்டு!"

ஏறிக் கிளப்பியதும் கார் மறுபடி வெடித்தது, முன்பைவிடப் பலமாக. அடக்குவதற்கு ஒன்றும் இல்லாத ஓசை. ஊரே அதிர்ந்தது. நான் குழந்தையை நிமிர்த்தி, அவளுடைய முகம் காற்றுக்கு நேராக இருக்கும்படி பிடித்துக்கொண்டேன். காதில் வைத்த பஞ்சைக் காற்று எடுத்துப் போயிற்று. புழுதி அவள் கண்ணிலும் மூக்கிலும் அடித்தது. எதைத் தடுக்க வேண்டும் என்று ஊர் முழுக்கச் சொன்னதோ, அதன் வாயில் அவளைக் கொடுத்துவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். மச்சான் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், அந்த இடி ஓசைக்கும் மேலாகக் கத்திக்கொண்டே வந்தார். "சத்தம் குடு சாமி! மாமனுக்கு ஒரு சத்தம் குடு! சத்தம் குடு சாமி!" அவருடைய தொண்டை கட்டி, கடைசியில் காற்று மட்டும்தான் வந்தது. அப்போதும் வாய் அசைந்துகொண்டிருந்தது.

சேர்வராயன் மலை முழுதாகக் கண் முன்னால் எழும் திருப்பம் ஒன்று சேலத்துக்கு முன்னால் உண்டு. அங்கே அவள் என் மேல் வாந்தி எடுத்தாள். பிறகு முகத்தைச் சுளித்தாள். பிறகு, எஞ்சின் வெடித்த வெடிப்புக்கு உடம்பு துள்ளி, காதைக் கையால் பொத்திக்கொண்டு வீறிட்டாள். வலியில் போட்ட கூச்சல் அது. நாங்கள் களிமண்ணும் கம்பியும் வைத்து நிறுத்தப் பார்த்த அதே கூச்சல். மச்சான் காரை ஓட்டிக்கொண்டே அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

ஆஸ்பத்திரியில் கீறிச் சீழை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். அந்தக் காது மட்டும் அநேகமாகக் கேட்காமல் போயிற்று. நோயினாலா, காற்றினாலா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒரு காது கேட்காதவர்கள் பேசுவது போல் அவள் உரக்கப் பேசினாள். எங்கள் வீட்டில் உப்புக் கேட்டால் தெருக்கோடியில் தெரியும் என்று ஊரில் கேலி செய்வார்கள். நான் ஒருநாளும் அவளை மெதுவாகப் பேசச் சொன்னதில்லை.

பிறகு ஒருநாள் மச்சான் ஆட்டையாம்பட்டிக்குப் போய் அந்தச் சைலன்சரைத் தேடி வாங்கி வந்தார். நெசவுக்காரர்கள் அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்களாம். காருக்குப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். பழையதைக் கொண்டுபோய்ப் பரணில் கட்டினார். "இனிமே சத்தம் போடறது மட்டுந்தான் இதுக்கு வேலை" என்றார். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது காரை விற்றுவிட்டார். அன்று நடந்ததைப் பற்றி எங்களுக்குள் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் வாசலில் நின்று, "சத்தம் குடு சாமி!" என்பார். உள்ளேயிருந்து அவள், "வாங்க மாமா!" என்று கூரை பறக்கக் கத்திய பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். கடைசியில் படுக்கையில் கிடந்தபோதும் அவளைப் பார்த்து அவருடைய உதடு அப்படித்தான் அசைந்தது. அவளும் அந்த அறையில் அப்படித்தான் கத்தினாள்.

எனக்கு வந்த நோய் வேறு. வீடு அமைதியாக இருந்தால் என்னால் உட்கார முடியாது. அவள் பகலில் படித்தபடியே தூங்கிவிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லி எழுப்பிவிடுவேன். "நல்லாத் தூங்கற புள்ளையை எதுக்குங்க எழுப்பறீங்க?" என்று என் மனைவி சலித்துக்கொள்வாள். மகள் வளர்ந்து பெரியவளான பின்பும் இது போகவில்லை.

இந்தத் தையில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு நாமக்கல் பக்கம். பெண்ணை அழைத்துப்போக ஒரு பெரிய கார் வந்தது. வெயிலும் புழுதியும் படாதிருக்கக் கதவுக் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு, அவளை நடுவில் உட்கார வைத்தார்கள். கதவு மூடியது. கண்ணாடிக்கு உள்ளே அவளுடைய வாய் அசைவது தெரிந்தது; குரல் வரவில்லை. எஞ்சின் கிளம்பியது. நல்ல புது வண்டி, ஓசையே இல்லை. என் கால்கள் தாமாக ஓடின. சம்பந்தி வீட்டார் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும், வேட்டி அவிழ அவிழ, அந்தக் காரின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே ஓடினேன். "கண்ணாடியை எறக்குங்க! கொஞ்சம் எறக்குங்க!" பெண் பிரிகிற துக்கம் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். கார் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"எறக்கிட்டேனுங்கப்பா! அந்தப் பக்கமும் எறக்கச் சொல்லிட்டேன்! நீங்க ஊட்டுக்குப் போங்க!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள். அவளுக்கு அந்த நாள் நினைவில்லை. மாமன் சொல்லித்தான் தெரியும். பக்கத்தில் இருந்த அவளுடைய மாமியார், "மெதுவாப் பேசு கண்ணு" என்றது என் காதில் விழுந்தது. கார் போய்விட்டது.

இன்று சாயங்காலம் அக்காளின் காட்டுக்குப் போனேன். சோளம் அறுத்தாகிவிட்டது. அறுத்த சோளத்தட்டுகளைக் கட்டி அடுக்கியிருந்தார்கள். காவலுக்கு ஆள் இல்லை. கிளிகளும் இல்லை. காற்றுக்கூட இல்லாமல், அடிக்கட்டைகள் மட்டும் நின்ற அந்தக் காட்டில் ஒரு சின்ன ஓசையும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு கோலை எடுத்து அந்தக் குழாயைத் தட்டினேன். கரகரவென்று அதிர்ந்து அடங்கியது. மறுபடி தட்டினேன்.

வரப்பில் வந்த அக்காள் நின்றாள். "காட்டுல ஒரு கிளிகூட இல்லை. யாரைடா வெரட்டறே?"

அது அடங்குவதற்குள் இன்னும் ஒருமுறை தட்டினேன்.